வாய்மொழிக்கு இருபத்தைந்து

நாற்பத்தொன்று. மேலிருந்து கூட்டினாலும் நாற்பத்தொன்று, கீழிருந்து கூட்டினாலும் அதே சனியன் பிடித்த நாற்பத்தொன்று. ஸ்கொலாஸ்திகா சிவப்புப் பேனாவைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள், வைத்த சூட்டோடு திரும்ப எடுத்தாள். ஒரு பக்கம் நறுக்கிய முருங்கைக்காய், இன்னொரு பக்கம் மகள் பெர்பெத்துவாவின் லத்தீன் விடைத்தாள், எட்டுப் பக்கம், ஓரத்தில் துளைபோட்டு வெள்ளை நூல் கட்டியது. வீட்டுப் பரீட்சைக்கு நூல் எதுக்கும்மா என்று பிள்ளை கேட்டபோது, பரீட்சைன்னா பரீட்சைதான் என்று கறாராகச் சொன்னது இவள்தான். இப்போது அந்த நூலைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது. எழுத்துக்கு எழுபத்தைந்து, வாய்மொழிக்கு இருபத்தைந்து. எழுத்தில் நாற்பத்தொன்று வந்தாயிற்று, வாய்மொழிக் கட்டம் வெறுமனே கிடக்கிறது. மொத்தம் ஐம்பது வந்தால் பிள்ளை இன்னும் ஒரு வருஷம் வீட்டிலிருந்தே படிக்கும். வராவிட்டால் ஜூன் மாதம் பெட்டியைக் கட்டிக்கொண்டு மதினியின் விடுதிப் பள்ளிக்குப் போகும். மதினி என்றால் ஜெர்மானா மதினி, வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா, அந்தப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷம் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றும் ஓயாதவர். இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட வருகிறார். சாப்பிட எங்கே வருகிறார், இந்தத் தாளைப் பார்க்க வருகிறார். போன வருஷம் ஈஸ்டர் அன்று இதே மேசையில் ஆட்டுக்கறியை மென்றுகொண்டே அவர்தான் சொன்னார்: "மத்த பாடத்துக்கெல்லாம் கைடு கெடக்கு, எந்தப் பிள்ளையும் பாத்து எழுதிரும். இந்த லத்தீன்தானே உன் அதிசயம்? அதுல அம்பது எடுக்கட்டும், நான் வாயைத் தொறக்க மாட்டேன்." யார் திருத்துவது என்று இவள் கேட்டாள். "நீயே திருத்து. கன்னியாஸ்திரீ மடத்துல ஏழு வருஷம் இருந்தவ, பொய் மார்க்கா போட்டுருவ?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருந்த கண்ணி அன்றைக்கு இவளுக்குத் தெரியவில்லை. கூட்டிப் போட்டால் தாய்ப்பாசத்தில் பொய் போட்டாள் என்பார். குறைத்துப் போட்டால் விடுதி. வீட்டுக்காரர் ரெமிஜியுஸ் தலையை ஆட்டிவிட்டு எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது மார்க்கு. ஒன்பதே ஒன்பது. எட்டுப் பக்கத்தில் ஒன்பது மார்க்கு கிடைக்காதா என்ன? மூன்றாம் கேள்வியில் ஒரு மார்க்கு பெருந்தன்மையாகக் கொடுக்கலாம், பிள்ளைக்குப் பொருள் புரிந்திருக்கிறது, எழுதத்தான் தப்பிவிட்டது. ஐந்தாம் கேள்வியில் அரை அரையாக மூன்று இடம். ஏழாவதில் பாதியை எழுதி அடித்திருக்கிறாள், அடித்ததுதான் சரி, அதற்கு இரண்டு. பேனாவின் முனை மூன்றாம் கேள்விக்கு மேலே வந்து நின்றது. நின்ற இடத்தில் சிவப்பாய் ஒரு புள்ளி விழுந்துவிட்டது. சீ, என்ன வேலை இது. அந்தக் காலத்தில் மடத்தில் மதர் எவாஞ்சலின் இப்படி மார்க்கு போட்டு இவள் பார்த்ததில்லை, வெட்டினால் வெட்டியதுதான். அவர்களைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், கள்ளக் கணக்கு என்று சொல்ல முடியாது. எழுத்தில் பிள்ளை சுமார்தான், ஒத்துக்கொள்ள வேண்டியதுதானே? வார்த்தைகளின் வால் எல்லாம் மாறிக் கிடக்கிறது. பாடம் நடத்த இருந்தது இவள் மடத்திலிருந்து எடுத்து வந்த பழைய புத்தகம் ஒன்றுதான், அதில் முதல் பாடத்திலிருந்து கடைசிப் பாடம் வரை ராணி மாலுமிக்கு ரோஜாப்பூ கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். பத்துப் பாடம் பொறுத்துவிட்டுப் பெர்பெத்துவா ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்துக் கேட்டாள்: "மா-மாலுமிக்கு எதுக்கும்மா ரோஜாப்பூ? அப்பா தோ-தோணிக்கு வெங்காயம்ல்லா ஏத்துதாக." ரெமிஜியுஸ் தூத்துக்குடித் துறைமுகத்தில் மாலத்தீவுக்குப் போகிற தோணிகளில் மூட்டை ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி, வீட்டுக்குள் நுழைந்தால் சட்டையோடு வெங்காய வாசம் வரும். அன்றைக்கு அம்மாவும் மகளும் அகராதியைப் புரட்டி வெங்காயத்துக்கு லத்தீனில் என்ன என்று தேடினார்கள். சேப்பா என்று கிடைத்தபோது பிள்ளை கைதட்டிய சத்தம் இன்னும் இந்த மேசையில்தான் இருக்கிறது. அது சரி, கைதட்டினதுக்கு மார்க்கு இல்லை. எழுத்துக்கு நாற்பத்தொன்றுதான். ஒரு அரை மார்க்கு கூடப் போடமாட்டேன், போ. அவள் அந்தச் சிவப்புப் புள்ளியைச் சுற்றி ஒன்றும் எழுதாமல் பக்கத்தைத் திருப்பினாள்.

குக்கர் முதல் விசில் அடித்தது. மாடியில் காலடிச் சத்தம், பெர்பெத்துவா துணி காயப் போடுகிறாள். அந்தப் பேரே மதினி வைத்ததுதான். ஞானஸ்நானத்துக்கு மதினிதான் ஞானத்தாய், வேதசாட்சியின் பேர், நல்ல பேர் என்று கோயிலில் வைத்து எல்லாரும் மெச்சினார்கள். பிள்ளைக்கு நாலு வயதில் திக்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, உலகத்தில் அவளுக்கு இருக்கிற கஷ்டமான எழுத்தெல்லாம் அவள் பேரிலேயே இருக்கிறது. ஏழாம் வகுப்பில் புதிதாக வந்த டீச்சர் முதல் நாள் பேர் கேட்டாள். பிள்ளை எழுந்து நின்றாள், உதட்டைச் சேர்த்தாள், பெ என்றாள், பெ, பெ என்றாள். பின் பெஞ்சில் ஒருத்தி அந்தப் பேரை முடித்து வைத்தாள், பிறகு மொத்த வகுப்பும் சேர்ந்து முடித்து வைத்தது, அப்புறம் வருஷம் முழுக்க அவளுக்குப் பேர் பேபே. வாசிப்புக்கு முட்டை, வாய்மொழிக்கு முட்டை, ஆங்கிலத்தில் முட்டை, தமிழிலும் முட்டை. சோம்பேறித்தனம் என்று நோட்டில் எழுதி அனுப்பினார்கள். சோம்பேறித்தனமாம்! ஒரு வார்த்தைக்கு அந்தப் பிள்ளை படுகிற பாட்டில் பாதி அவர்கள் பட்டிருப்பார்களா? வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது, ரெமிஜியுஸ் பாசத்தில் அவள் சொல்ல வந்ததையெல்லாம் தானே சொல்லி முடிப்பார், த-த என்றால் தண்ணி வரும், ச-ச என்றால் சட்டை வரும். ஒருநாள் அவள் சட்டை கேட்கவில்லை, சண்டை என்று சொல்ல வந்தாள், பள்ளிக்கூடத்தில் யாரோ அடித்ததைச் சொல்ல வந்தாள், அப்பா சட்டையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் இவள் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தினாள். லத்தீன் வந்தது தற்செயல். அடுப்படியில் இவள் பழைய லத்தீன் கோயில் பாட்டை முணுமுணுக்க, பின்னாலிருந்து பிள்ளை சேர்ந்து பாடினாள், ஒரு இடத்திலும் திக்காமல், ஆற்றுத் தண்ணீராக. பாட்டில் திக்காது, அது ஊரறிந்த விஷயம்தான். ஆனால் பாட்டை நிறுத்திவிட்டு அவள் சொன்னாள்: "இந்த பா-பாஷையில என்னைய யாரும் முந்த முடியாதுல்லாம்மா? யாருக்கும் தெரியாதே." ஒரு பிள்ளை தன்னை யாரும் முந்தாத பாஷை ஒன்று வேண்டும் என்று கேட்டால் பெற்றவள் என்ன செய்வாள்? அது செத்த பாஷை என்கிறார் மதினி. செத்துப்போனால் என்ன, பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்திருக்கிறதே!

ஆனால் வாய்மொழிக் கட்டம். அதற்குத்தானே வர வேண்டும், அங்கே இங்கே சுற்றினாலும். நேற்றுச் சாயந்திரம் வாய்மொழித் தேர்வு இதே மேசையில் நடந்தது. தாளின் தலைப்பிலேயே இவள் கைப்பட எழுதியிருக்கிறாள், நீல மையில், அழகாக: ஒரு பத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். ஒரு பத்து என்றால் ஜெபமாலையில் ஒரு பத்து மணி. மடத்தில் கடிகாரம் பார்க்க மாட்டார்கள். முட்டை வேகவா, ஒரு பத்து. கஞ்சி கொதிக்கவா, இரண்டு பத்து. லத்தீன் ஒப்பிக்கவா, ஒரு பத்து. மதர் எவாஞ்சலின் நாற்காலியில் உட்கார்ந்து மேலங்கிக்குள் கையை விட்டுக்கொண்டு மனதுக்குள் அருள் நிறைந்த மரியே சொல்லுவார், துணிக்கு அடியில் விரல் நகர்வது தெரியும், பத்தாவது மணியில் விரல் நின்றால் வாயை மூடிவிட வேண்டும். ஸ்கொலாஸ்திகாவுக்கு அன்று பாடம் தலைகீழாகத் தெரியும். ஆனால் கண் அந்த விரலிலேயே ஒட்டிக்கொண்டது. ஆறு, ஏழு, எட்டு என்று விரலை எண்ணினாளே தவிர ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. இருபத்தைந்துக்கு மூன்று. "உனக்கு இது ஏறாதும்மா" என்று மதர் அன்பாகத்தான் சொன்னார், அந்த அன்புதான் இருபது வருஷம் கழித்தும் தொண்டையில் நிற்கிறது. மடத்தை விட்டு அவள் வந்தது அதனால் இல்லை, வேறு பத்துக் காரணம். மதினிக்கு மட்டும் ஒரே காரணம்: தொடங்கினதை முடிக்கத் தெரியாதவள். சரி, அதெல்லாம் போகட்டும். மூன்று மார்க்கு வாங்கி அழுத அதே மனுஷி, இருபது வருஷம் கழித்து, தன் மகளுக்குத் தாள் தயாரிக்கும்போது எந்தக் கையால் எழுதினாள் ஒரு பத்துக்குள் என்று? யாரும் சொல்லித் தரவில்லை, மதினி கேட்கவில்லை. வாய்மொழித் தேர்வு என்றதும் கை தானாக எழுதியிருக்கிறது. கறுப்பு மர ஜெபமாலை இதோ முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் கிடக்கிறது, நேற்று அதையும் தானாகத்தான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பேபே என்று சிரித்த வகுப்பிலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, வீட்டில் அதைவிடப் பழைய வகுப்பில் நிறுத்தியிருக்கிறாள். இதை நினைக்கும்போது ஸ்கொலாஸ்திகாவுக்கு முகம் சுட்டது, எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள், செம்பை வைக்க மறந்து கையோடு கொண்டுவந்தாள்.

பாடமாகச் சொல்ல வேண்டாம், பாட்டாகச் சொல்லு என்றுதான் நேற்று சொல்லிப் பார்த்தாள். பிள்ளை தலையை ஆட்டினாள். "பா-பாட்டாச் சொன்னா நான் சொ-சொன்ன மாதிரி இல்லம்மா." வார்த்தையை மாற்றிப் போட்டுக்கோ, லத்தீனில் எந்த வார்த்தையையும் எங்கேயும் வைக்கலாம், கஷ்டமானதைக் கடைசியில் வை என்றாள். அதற்கும் தலையை ஆட்டினாள், என்ன பிடிவாதமோ, யாருடைய பிடிவாதமோ. புத்தகத்துப் பாடத்தையும் விட்டுவிட்டாள், தானே எழுதியதைச் சொன்னாள். ஏழே வாக்கியம். முதல் வாக்கியம் பாத்தெர் மேயுஸ் சேப்பாஸ் போர்த்தாத், என் அப்பா வெங்காயம் சுமக்கிறார். பாத்தெர் என்று தொடங்கினால் வாய் பூட்டிக்கொள்ளும் என்று தெரிந்தும் பாத்தெர் என்றுதான் தொடங்கினாள். ப. ப. ப. இவள் விரல் மணியை நகர்த்தியது, முதல் பத்து முடிந்தபோது பிள்ளை இரண்டாவது வாக்கியத்தில் இருந்தாள். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும், மடத்து விதிப்படி. நிறுத்தவில்லை. நெற்றியில் வேர்வை, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணை மட்டும் அம்மாவிடமிருந்து எடுக்காமல் நின்றாள். மாலுமிக்கு ரோஜாப்பூ பிடிக்காது, நௌத்தா ரோசாஸ் நோன் ஆமாத். மாலுமிக்கு வெங்காயம் பிடிக்கும். கடல் பெரிது. தோணி சிறிது. நான் மாலுமி இல்லை. இரண்டு பத்து, மூன்று பத்து, நாலு பத்து. ஐந்தாவது பத்தில் விரல் நின்றுவிட்டது, மணியை விட்டுவிட்டாள், ஏனென்றால் பிள்ளை கடைசி வாக்கியத்துக்கு வந்திருந்தாள், எகோ பெர்பெத்துவா சூம், நான் பெர்பெத்துவா. ஏழாம் வகுப்பில் முடியாத அந்தப் பேரை, முழுசாக, தன் வாயால், ஒருத்தரும் முடித்து வைக்காமல். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, பசிக்குதும்மா என்றாள், அதைத் திக்காமல் சொன்னாள், அது வேறு.

இப்போது சொல்லுங்கள், அதற்கு எத்தனை? விதிப்படி முதல் பத்துக்குள் ஒரு வாக்கியம், மூன்றோ நாலோ, மொத்தம் நாற்பத்தைந்து, பெட்டியைக் கட்டு. தாய்ப்படி இருபத்தைந்து. ஸ்கொலாஸ்திகா பேனாவைப் பல்லால் கடித்தாள். பயமாகத்தான் இருந்தது. மதினிக்குப் பயம், ரெமிஜியுஸ் அக்காவுக்கு முன்னால் வாயடைத்து நிற்பாரே அதற்குப் பயம், எல்லாவற்றையும்விட ஒருவேளை மதினி சொல்வதுதான் சரியோ, வீட்டில் பொத்திப் பொத்தி வைத்துப் பிள்ளையைக் கெடுக்கிறேனோ என்ற பயம். அது தினமும் விடியக்காலையில் வந்து இடுப்பில் உட்காருகிற பயம். அப்புறம் நேற்று இரவு ஜெபம் நினைவுக்கு வந்தது. மதினி போனில் இருந்துகொண்டே எல்லாரையும் ஜெபமாலை சொல்ல வைத்தார், அவர் எங்கே இருந்தாலும் அதை விடமாட்டார். அருள் நிறைந்த மரியே, அருள் நிறைந்த மரியே, ஐம்பது தரம், ஒரே வாக்கியம். ஐம்பது தரம்! அதை யாரும் திக்கு என்று சொல்லவில்லையே? அவசரப்படாதே, அப்படித்தான் சொல்ல வேண்டும், மாதா கேட்டுக்கொண்டுதான் இருப்பாள் என்றுதானே சொல்லுகிறோம்? மதினி ஐம்பது தரம் சொன்னால் ஜெபம், என் பிள்ளை ஒரு எழுத்தை அஞ்சு தரம் சொன்னால் குறையா? அட போங்க மதினி! அவள் சத்தமாகவே சொல்லிவிட்டாள், முருங்கைக்காய்தான் கேட்டது. ஏழு வாக்கியமும் அவள் மனதில் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள், தேங்காய் தட்டுகிற மாதிரி. ஆறு சுத்தம். கடல் பெரிது என்கிற இடத்தில் ஒரு தப்பு. தப்புக்கு ஒரு மார்க்கு வெட்டு, அதை விடமாட்டேன், திக்கினதுக்கு வெட்டமாட்டேன், அதையும் விடமாட்டேன். கட்டத்தில் இருபத்துநாலு என்று எழுதினாள். தாளின் தலைப்பில், ஒரு பத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்ற வரியைச் சிவப்பில் குறுக்கே அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். மொத்தம் அறுபத்தைந்து.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே மதினி வந்துவிட்டார், பின்னாலேயே ரெமிஜியுஸ் ஒரு பையில் சீலா மீனோடு. "வெயிலு மண்டையப் பொளக்குது, ஸ்கொலாஸ்தி, ஒரு செம்புத் தண்ணி கொடு" என்றவர், தண்ணீர் வருமுன் தாளை எடுத்துக் கண்ணாடியை மாட்டிவிட்டார். மாடியிலிருந்து பெர்பெத்துவா காலி வாளியோடு இறங்கி வந்து வாசற்படியில் நின்றாள்.

"எழுத்து நாப்பத்தொண்ணு. சரி, யோக்கியமாத்தான் போட்டுருக்க. வாய்மொழி இருபத்துநாலா? இவ வாய்க்கா?"

"ஆமா மதினி. ஒரு இடத்துல தப்பு, ஒண்ணு வெட்டிட்டேன்."

"ஒரு பத்துக்குள்ளன்னு நீயே எழுதி நீயே அடிச்சிருக்க. இது என்னட்டி நியாயம்?"

"எழுதினதுதான் மதினி தப்பு. தெரிஞ்ச பிறகும் அடிக்காம விட்டாத்தான் அநியாயம்."

மதினி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் எத்தனையோ பிள்ளைகளை உட்கார வைத்த பார்வை. "சரி, என் காதால கேக்கேன். ஏ பிள்ளை, இங்க வா. அந்த இருபத்துநாலு மார்க்குப் பாடத்தைச் சொல்லு பாப்போம். சட்டுன்னு."

"அக்கா, மொதல்ல சாப்பிட்டுட்டு" என்று தொடங்கிய ரெமிஜியுஸ் பாதியில் நிறுத்தினார். பெர்பெத்துவா வாளியைக் கீழே வைத்தாள், மேசைக்கு வந்தாள், நேற்று நின்ற அதே இடத்தில் நின்றாள். அம்மாவைப் பார்த்தாள். பாடு என்று சொல்லமாட்டேன், மாத்திப் போடு என்றும் சொல்லமாட்டேன், உன் இஷ்டம் என்று ஸ்கொலாஸ்திகா கண்ணால் சொன்னாள். எட்டிப்போய் அடுப்பை அணைத்தாள். முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் கிடந்த ஜெபமாலையை எடுத்து மதினியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"உக்காருங்க மதினி. சட்டுன்னு வராது. ஒரு முழு மாலை ஆகும், உருட்டிக்கிட்டு இருங்க."

மதினி கையிலிருந்த மாலையைப் பார்த்தார், உட்கார்ந்தார். பெர்பெத்துவா உதட்டைச் சேர்த்தாள். ப, என்றாள். ப. ப. அவளுடைய அப்பா, கையில் மீன் பையோடு, அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். தெரியாத பாஷை. மூடிக்கொண்டார். யாரும் அவளுக்காக அதை முடித்து வைக்கவில்லை.